ஒரே வருஷத்தில் நானூற்றுத் தொண்ணூற்றைந்து நாள்

என் பழைய கோப்பில் ஒரு கடிதம் இருக்கிறது. தலைப்பில் 1986 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை என்று தேதி. மூன்றாம் வரியில் "இன்று நடந்த ஞாயிறு கூட்டத்தில் தீர்மானித்தபடி" என்று வருகிறது. ஒரே தாளில் ஞாயிறும் திங்களும் இன்றாக இருக்க முடியாது என்று அன்றே பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்தவருடைய தேதியில் தவறு கண்டுபிடிக்க எனக்கு எப்போதும் நேரம் இருந்தது.

எழுதியவர் நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக இயங்கிய ஒரு சின்னச் சங்கத்தின் செயலாளர். ஆளும் கட்சிக்காரர் வந்தாலும் எதிர்க்கட்சிக்காரர் வந்தாலும் சால்வையோடு நிற்கிற சங்கம் அது. "தாங்கள் இல்லத்தில் வைத்திருக்கும் கம்ப்யூட்டரைக் கொண்டு, நமது தொழிலாளர்களின் பட்டியலை விஞ்ஞான முறையில் தயாரித்துத் தருமாறு" கேட்டிருந்தார். இதே மனிதர் அதற்கு முந்தைய மாதம் டவுன்ஷிப் நுழைவாயில் ஆர்ச்சுக்குப் பக்கத்தில் மேடை போட்டு, கம்ப்யூட்டர் வந்தால் நாட்டில் ஒருவனுக்கும் வேலை இருக்காது என்று ஒன்றரை மணி நேரம் பேசியவர். நான் அதையும் குறித்து வைத்திருக்கிறேன். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடுவில் குடித்த சோடா எல்லாம் இருக்கிறது.

அப்போது நான் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு மைன்ஸில் கன்வேயர் பகுதியில் ஷிப்ட் வேலை. குவார்ட்டர்ஸ் வீடு, இரண்டு அறை, பின்னால் ஒரு முருங்கை. துபாயிலிருந்து வந்த சித்தப்பா, தங்கம் கொண்டு வருவார் என்று அம்மா எதிர்பார்த்திருக்க, ரப்பர் பொத்தான்கள் வைத்த ஒரு கறுப்புப் பலகையைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அதுதான் கம்ப்யூட்டர். அதை டிவியில் செருக வேண்டும். புரோகிராமைக் கேசட்டில் பதிந்து, டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு ஏற்ற வேண்டும். ஏறும்போது தகரத்தை ஆணியால் கீறுவது போலச் சத்தம் வரும். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் அப்பா அந்தச் சத்தத்தை எத்தனை நாள் பொறுத்துக்கொண்டார் என்ற கணக்கு மட்டும் என்னிடம் இல்லை.

எங்கள் பிளாக்கில் அந்தப் பலகைக்குக் கிடைத்த மரியாதை நகைப்புக்குரியது. இந்த ஊரில் மண்ணை வாரி எடுக்கும் ராட்சத இயந்திரங்களை ஓட்டுகிறவர்கள், பாய்லர் முன்னால் நின்று வயதானவர்கள், அதன் முன்னால் வந்து செருப்பைக் கழற்றினார்கள். ஒருவர் மகளின் ஜாதகத்தைக் கொண்டு வந்தார். இன்னொருவர், தனக்கு எப்போது பெரிய குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று அதனிடம் கேட்கச் சொன்னார். தில்லியில் ஆட்சியில் இருந்தவர்கள் இருபத்தொன்றாம் நூற்றாண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஏதோ அது காலண்டரில் தானாக வராது, அவர்கள்தான் கப்பலில் இறக்கப்போகிறார்கள் என்பது போல. அவர்களை எதிர்த்தவர்கள் அதே நூற்றாண்டைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். இரண்டு தரப்பிலும் யாரும் ஒரு வரி புரோகிராம் எழுதியதில்லை. நான் எழுதியிருந்தேன். ஆகவே அவர்கள் எல்லோரையும்விட நான் அறிவாளி என்ற முடிவுக்கு வந்திருந்தேன். இருபது வயதில் அந்த முடிவுக்கு வர அதிக ஆதாரம் தேவைப்படவில்லை.

சங்கத்துக்கு வந்த சிக்கல் உண்மையானது. ஒப்பந்தக்காரர்கள் யாரையும் வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்ய விடுவதில்லை. அந்த எண்ணிக்கையைத் தொட்டால் தொழிலாளி உரிமை பேச ஆரம்பித்துவிடுவான். ஆகவே நூறு நாள் ஆனதும் ஒருவர் நிறுத்துவார், அடுத்த வாரம் இன்னொருவர் சேர்த்துக்கொள்வார். ஆள் அதே ஆள், மண்வெட்டி அதே மண்வெட்டி, ஒப்பந்தக்காரர் மட்டும் வேறு. மூன்று ஒப்பந்தக்காரர்களின் வருகைப் பதிவேடுகளைச் சங்கம் எப்படியோ நோட்டுகளில் நகலெடுத்திருந்தது. மூன்றையும் சேர்த்து, ஒரே ஆள் எங்கெங்கே இருக்கிறான் என்று கண்டுபிடித்து, அவன் நாட்களைக் கூட்டி, இருநூற்று நாற்பதைத் தாண்டியவர்களை மட்டும் பட்டியலாக்க வேண்டும். அந்தப் பட்டியலில் வருகிறவர்களைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லிப் பேச்சுவார்த்தையில் வைப்பார்கள். பட்டியலில் இல்லாதவனுக்காக யாரும் வாய் திறக்கப் போவதில்லை.

நோட்டுகளைக் கொண்டு வந்து கொடுத்தவர் கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர். முப்பது வயதிருக்கும். எங்கள் வீட்டு வாசற்படியில் தலையைக் குனிந்துதான் நுழைந்தார், அவ்வளவு உயரம். அவருக்கும் பட்டியலில் இடம் வரவேண்டியிருந்தது. அவருடைய அப்பாவின் ஒன்றரைக் காணி நிலம் இப்போது சுரங்கம் கொட்டிய எந்த மண்மேட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதை சைக்கிளில் வரும்போதே கைகாட்ட முடியும் என்றார். காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. நோட்டில் தேதிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று புரட்டிக்கொண்டிருந்தேன்.

தேதிகள் ஒழுங்காகவே இருந்தன. என்னை உறுத்தியது பெயர்கள். அந்த ஊரில் பாதிப் பேருக்கு எல்லைச்சாமியின் பெயர். அப்பாக்களுக்கும் அதே பெயர் அல்லது அதற்கு அடுத்த சாமியின் பெயர். பள்ளிக்கூடம் போனவர்களுக்கெல்லாம் தலைமையாசிரியர் ஜூன் முதல் தேதியையே பிறந்த நாளாகப் போட்டிருந்தார். ஆகவே பதிவேடு எழுதியவர்கள் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டப்பெயரை எழுதியிருந்தார்கள். சொட்டை, நெட்டை, வெத்தல, திக்குவாய், மாட்டுக்கண், ஓடையோரம். நாகரிகமான ஒரு ஆவணத்தில் இவை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. பர்மனென்ட் கேட்டுப் போகிற பட்டியலில் ஒரு மனிதனைத் திக்குவாய் என்று எழுதுவது அவனை அவமதிப்பது என்று ஒரு கொள்கையும் உடனே உருவாக்கிக்கொண்டேன். இன்னொரு காரணமும் இருந்தது. என் பலகைக்கு நினைவகம் மிகக் குறைவு. ஒவ்வொரு பட்டப்பெயரும் எட்டுப் பத்து எழுத்தைத் தின்றது. கொள்கையும் சிக்கனமும் ஒரே பக்கம் சாய்ந்தால் யோசிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள். இதுதான் நான் எழுதிய விதி. எவ்வளவு அழகான விதி என்று டைரியில் எழுதியிருக்கிறேன். அதைப் படிக்க இப்போது கூச்சமாக இருக்கிறது.

மிச்ச நோட்டுகளைக் கொடுக்க வந்த அந்த உயரமான மனிதர் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்றார். டிவியில் வரவழைத்துக் காட்டினேன். நீலத் திரையில் வெள்ளை ஆங்கில எழுத்துகள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. விரலை வைத்துக் காட்டினேன்.

"இதுவா நானு?" என்றார். பிறகு, "நெட்டைன்னு போட்டிருக்கீங்களா?"

"அதெல்லாம் கம்ப்யூட்டர்ல போடக் கூடாதுங்க. அதுக்குப் பட்டப்பேர் வேண்டியதில்ல."

"எங்க ஊர்ல இந்தப் பேர்ல ஏழு பேர் இருக்கோம் தம்பி. என் பேரும் எங்கப்பா பேரும் வச்சிகினு இன்னொருத்தன் வேற இருக்கான். அப்ப அது எங்கள எப்புடித் தெரிஞ்சிக்கும்?"

"அப்பா பேர், ஊர், பொறந்த தேதி எல்லாம் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். உங்களைவிட அதுக்கு நல்லாத் தெரியும்."

அவர் தலையாட்டினார். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு சைக்கிளை எடுத்தார். நான் சொன்ன கடைசி வாக்கியத்தை அந்த வருஷம் வேறு யாரிடமும் நான் சொன்னதாக நினைவில்லை. அவரிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

மூன்று பிற்பகல்கள் ஆயின. நூறு பேர், நூறு பேராக ஏற்றி, ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஒப்பிட வைத்தேன். திரை அசையாமல் நிற்கும். பலகை சூடாகும். அம்மா அதன்மேல் ஈரத்துணி போடலாமா என்று கேட்டார். முடிந்ததும் திரையில் வந்ததைக் கையால் தாளில் எழுதினேன், ஏனென்றால் என்னிடம் பிரிண்டர் இல்லை. அந்தத் தாளை மெயின் பஜாரில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு பெண் தமிழில் தட்டிக் கொடுத்தாள். அந்தத் தாளின் தலையில் செயலாளர் சிவப்பு மையால் "கம்ப்யூட்டர் மூலம் தயாரிக்கப்பட்டது" என்று எழுதினார். பட்டியலில் கம்ப்யூட்டரின் பங்கு பெயர்களை ஒப்பிட்டு நாட்களைக் கூட்டியது மட்டும்தான். மற்றதெல்லாம் கையாலும் தட்டச்சாலும் நடந்தது. ஆனால் அந்தச் சிவப்பு வரிக்குப் பிறகு அதை யாரும் சரிபார்க்கவில்லை. சங்கத்தின் நிர்வாகக் குழுவில் பதினொரு பேர். பதினொருவரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். உள்ளே இருந்த பக்கங்களை ஒருவரும் திருப்பவில்லை என்பதற்கு நான் சாட்சி. பட்டியலை அவர்கள் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றவன் நான்தான்.

பட்டியலை நிர்வாகத்திடம் கொடுத்த அந்த வாரக் கடைசியில் ஆர்ச்சுக்குப் பக்கத்தில் கூட்டம். மதிய ஷிப்டுக்குப் போகிற பஸ்களும் காலை ஷிப்ட் முடிந்து வருகிற பஸ்களும் சந்திக்கிற நேரம், அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. செயலாளர் பேச்சின் நடுவில் நிறுத்தி, பையிலிருந்து பட்டியலின் நகலை எடுத்து உயரத் தூக்கினார். "இதை நாம எழுதல. கம்ப்யூட்டர் எழுதியிருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது," என்றார். பிறகு ஒரு பெயரைப் படித்தார். ஊரைப் படித்தார். இந்தத் தொழிலாளி ஒரே வருஷத்தில் நானூற்றுத் தொண்ணூற்றைந்து நாள் உழைத்திருக்கிறார், உலகத்தில் எந்த நாட்டிலாவது இப்படி ஒரு சுரண்டல் உண்டா என்று கேட்டார்.

கைதட்டல் எழுந்தது. ஷிப்ட் சங்கு ஊதுவதை வைத்து ஒரு நாளை மூன்றாக வெட்டி வாழ்கிற ஊர் இது. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஐந்து நிமிஷம் ஆனால் ஓவர்டைம் கேட்கிறவர்கள் நின்றிருந்தார்கள். வருஷத்துக்கு எத்தனை நாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் பக்கத்தில் நின்றவர் தன் நண்பரிடம், டபுள் ஷிப்ட் பார்த்திருப்பான், பாவம் என்றார். நண்பர் அதை ஒத்துக்கொண்டார்.

லீப் வருஷமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். லீப் வருஷமாக இருந்தாலும் போதாது.

மேடையில் ஒருவரை ஏற்றினார்கள். குள்ளமானவர், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். அவருக்குச் சால்வை போட்டார்கள். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் கும்பிட்டார். கூட்டத்தின் பின்னால், எல்லோர் தலைக்கும் மேலே, உயரமான மனிதரின் தலை தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். கோபமாக இல்லை.

"தம்பி, என் பேரப் படிச்சாங்க. ஏறலாம்னு போனேன். அவன ஏத்திட்டாங்க," என்றார். "அவன் பேரும் அதானே, அவனயும் கூப்டட்டும். அப்ப நான் எங்க நிக்கறது?"

பார்க்கிறேன், தவறு இருந்தால் ஆபீசுக்கு எழுதுகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து நோட்டுகளைப் பிரித்தேன். கால் மணி நேரம் கூட ஆகவில்லை. நெட்டை என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தவருக்கு மூன்று ஒப்பந்தக்காரர்களிடமும் சேர்த்து இருநூற்று ஐம்பத்தொரு நாள். வெத்தல என்று எழுதியிருந்தவருக்கு இருநூற்று நாற்பத்து நான்கு. பெயர் ஒன்று, அப்பா பெயர் ஒன்று, ஊர் ஒன்று, பிறந்தது ஜூன் முதல் தேதி, வருஷமும் ஒன்று. இருவரும் தனித்தனியாகவே பட்டியலில் இடம் பிடித்திருப்பார்கள். அதிகம் படிக்காத பதிவேட்டு எழுத்தர்கள் அடைப்புக்குறிக்குள் தெளிவாகப் பிரித்து வைத்திருந்த இரண்டு மனிதர்களை, படித்த நான் ஒருவராக்கிவிட்டேன்.

மறுநாள் காலை சங்க அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மேஜை, நான்கு இரும்பு நாற்காலி, சுவரில் எல்லாக் கட்சித் தலைவர்களும். செயலாளர் தினசரியில் கூட்டத்தைப் பற்றி வந்த செய்தியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். நோட்டையும் எண்களையும் காட்டினேன். அவர் மந்தமானவர் இல்லை. நான் பாதி சொல்வதற்குள் புரிந்துகொண்டார். கத்தரியைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன பண்ணணுங்கறீங்க தம்பி?"

"ஒரு பேரைச் சேர்த்துத் திருத்தின பட்டியல் கொடுக்கணும்."

"கொடுத்த பட்டியலத் திருத்தினா, மொத்தப் பட்டியலும் சந்தேகம்னு தூக்கி ஓரமா வச்சிடுவாங்க. ஒருத்தனுக்காக எல்லாரையும் விடவா?" இதைச் சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "அது மட்டுமில்ல. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு மேடையில பேசிட்டேன். அப்ப பொய் சொன்னது யாரு? நானா, நீங்களா? நீங்கதான்னு மேடையில ஏறிச் சொல்றீங்களா? சொன்னா இன்னிக்கே திருத்திக் கொடுக்கறேன்."

அவருடைய அரசியலைப் பற்றி எனக்கு எந்த மரியாதையும் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்டது நேர்மையான கேள்வி. பிளாக் முழுவதும் என்னைக் கம்ப்யூட்டர் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில், தொழிலாளர் பட்டியல் ஒன்றைக் கணினியில் தயாரித்த அனுபவம் உண்டு என்று எழுதியிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டார். என் பதில் அவருக்குக் கிடைத்துவிட்டது.

அன்று மாலை ஒரு கடிதம் எழுதினேன். பேச்சுவார்த்தையில் பட்டியலைப் பெற்றுக்கொண்ட அலுவலகத்துக்கு. இன்ன பெயர், இன்ன ஊர், இது ஒருவர் இல்லை, இருவர். ஒருவர் உயரமானவர், ஒருவர் வெற்றிலை போடுபவர். நாட்கள் இவ்வளவு, இவ்வளவு. பதிவேட்டின் பக்க எண்கள் உட்படத் துல்லியமாக இருந்தது. கீழே "ஒரு நலம்விரும்பி" என்று முடித்தேன். பெயரில்லாத கடிதத்தை அலுவலகங்கள் பிரித்த வேகத்தில் குப்பைக் கூடையில் போடும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தே தபால்பெட்டியில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்த முறை உள்ளே வரவில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், வாசலில் நின்றே பேசினோம்.

"எழுதிட்டீங்களா தம்பி?"

"எழுதிட்டேன்."

"உங்க பேரப் போட்டுத்தானே எழுதினீங்க? படிச்சவங்க பேரு இருந்தா மதிப்பாங்க."

"போட்டுத்தான்" என்றேன்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். டைரியில் அந்த நாளுக்கு நேரே "மழை இல்லை. நாலு மணிக்கு ஒருவர் வந்தார்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். துல்லியமாக எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி நண்பர்கள் சொல்வதுண்டு. அவர்களுக்கு இந்தப் பக்கத்தை நான் காட்டியதில்லை.

அடுத்த வருஷம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. நேர்காணலில் அந்தப் பட்டியலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். இரட்டைப் பதிவுகளை நீக்கிய முறை நன்றாக இருக்கிறது என்று ஒருவர் பாராட்டினார். நன்றி சொன்னேன். பலகையைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் விட்டு வந்தேன். அவன் அதில் விளையாட்டு மட்டும் ஆடினான். என்னைவிடப் புத்திசாலி.

1989 பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது சங்க அலுவலக வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களில் சிலரைப் பர்மனென்ட் வேலைக்கு எடுத்திருப்பதாகவும், அது தங்கள் போராட்டத்தின் வெற்றி என்றும் செயலாளர் கையெழுத்திட்டிருந்தார். மற்ற மூன்று சங்கங்களின் வாசலிலும் அதே தாள், அதே வெற்றி, வேறு கையெழுத்து. பெயர்களை மேலிருந்து கீழே படித்தேன். அந்தப் பெயர் இருந்தது. அதே அப்பா பெயர், அதே ஊர். ஒரே ஒரு முறைதான் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

பஜாரில் விசாரித்தேன். டீக்கடையில் ஒருவர், நெட்டையைத்தான் எடுத்தார்கள், மைன்ஸ் டூவில் பார்த்தேன் என்றார். சைக்கிள் கடைக்காரர், எடுத்தது வெத்தலையை, மற்றவன் குடும்பத்தோடு பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டான் என்றார். கம்மாபுரத்துக்கு பஸ் இருந்தது. போய்வர அரை நாள் ஆகியிருக்கும். எனக்கு அன்று மாலை சென்னை பஸ். அந்தத் தாளில் இருந்த பெயர் இருவரில் யாருடையது என்பதை இதுவரை நான் சரிபார்க்கவில்லை.